உடும்புக்கு விழுந்த கைகள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். அழிந்துவரும் இனங்கள் பற்றிய பாடம் வந்தால் ஒரு விளையாட்டு வைப்பேன். கையிலுள்ள காசு ஓர் இனத்தைக் காப்பாற்றத்தான் காணும். இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பா, அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரத்தை உக்க வைக்கும் அரிய காளானா? கை தூக்குங்கள்.

கைகள் உடும்புக்குத்தான் விழும். மூன்று மீற்றர் நீளம், மானையே அடித்துத் தின்னும். "கபரகொய்யாவுக்குப் பெரியப்பா" என்று நம்மூர் நீர் உடும்பைச் சொல்லிச் சிரிப்பான் ஒருவன். 2021இல் அதை ஆபத்து கூடிய பட்டியலுக்கு மாற்றினார்கள் என்றதும் வகுப்பே உச்சுக்கொட்டும். நானும் அந்தப் பக்கம்தான். அதன் வாயிலுள்ள பற்றீரியாவால்தான் இரை சாகிறது என்று பழைய நோட்டைப் பார்த்தே பல வருடம் சொல்லிவந்தேன். நஞ்சுச் சுரப்பி இருப்பதை 2009இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்களாம். அதை எனக்குச் சொன்னதும் ஒரு மாணவன்தான். வெட்கம்தான், என்ன செய்வது.

காளானுக்கு நான் ஒதுக்கியது இரண்டே வரி. இத்தனைக்கும் முன்பு கண்டெடுத்த ஒன்று 135 கிலோவுக்கு மேல்; வளர்ந்த ஆண் உடும்பே சாதாரணமாக 70, 80 கிலோதான். மேலே பாசி படர்ந்து, முதிர்ந்த பெரிய ஃபர் மரங்களின் அடியில் ஒட்டிக்கிடக்கும்.

போன வருடம் ஒரு பிள்ளை மட்டும் காளானுக்குக் கை தூக்கினாள். அவளுடைய அப்பாவுக்குத் தேயிலை மலையில் கட்டை பிடுங்குகிற வேலை. தேயிலைக்கு நிழலுக்காக வளர்த்து வெட்டிய சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தின் அடிக்கட்டையை விட்டுவைத்தால் வேர் அழுகல் தேயிலைக்கும் பரவும். நோய் பட்ட இடத்தைச் சுற்றிக் கான், அதாவது வாய்க்கால், வெட்டுவார்கள். காளான் என்றால் அவர்கள் வீட்டில் எதிரி. அதனால்தான் எனக்கு ஆச்சரியம்.

"ஏன்மா?" என்றேன்.

"உடும்பைக் கூண்டுல வச்சுச் சாப்பாடு போடலாம் சேர். இதுக்குக் கிழட்டு மரத்தையில்ல விட்டுவைக்கணும். அதுக்கு யாரு சம்மதிப்பாங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மணி அடித்ததால் தப்பினேன்.

மறுநாள் ஒரு சொப்பிங் பேக்கில் எதையோ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சவுக்குக் கட்டையில் பிடித்த தட்டுக்காளான், ரொட்டி அளவு, அடியில் வெள்ளை. "அப்பா எரிக்கப் போனாரு, கேட்டு வாங்கிட்டேன் சேர்."

இப்போதும் ஆய்வுகூட அலுமாரியில்தான் இருக்கிறது. வண்டு துளைத்து, கீழே மாவு கொட்டுகிறது. பெருக்க வருகிற அக்கா வாராவாரம் ஏசுகிறார்.