ஒரே மணிக்கட்டு, இரண்டு ஸ்கான்

காலையில் எழும்பினால் இரண்டு கையும் விறைத்துப்போய், தேங்காய் திருவுவதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி வந்து நாலு மாதமாகியும், நான் பழியைத் தையல் மெசினில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் மொளி வீங்கி மோதிரம் கழராமல் நின்ற பிறகுதான் பயம் பிடித்தது.

முதல் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் டவுனில் ஒரு தனியார் இடத்தில். நோ தாங்காமல் இரண்டு நாளாக டைக்ளோபினாக் போட்டிருந்தேன், அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஜெல் பூசி, மணிக்கட்டில் கருவியை நல்லா அழுத்தி, ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள். மூட்டில் அழற்சி இல்லையாம். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு எரிச்சல். ஸ்கானே அழற்சி இல்லை என்று சொன்ன பிறகு நோகுது என்றால் ஆர் நம்புவினம்?

சின்னம்மாதான் விடவில்லை. விசுவமடுவில் விடிய முதல் பஸ் ஏறி, பரந்தன் சந்தியில் மாறி, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணத்தில் வாத வருத்தத்துக்குப் பார்க்கிற ஒரு டொக்டரிடம் போனோம். அவர் முதலில் ஒவ்வொரு மொளியாக விரலால் அமர்த்தி, எது நோகுது, எது வீங்கியிருக்கு என்று எண்ணி எழுதினார். பிறகுதான் ஸ்கான், அதுவும் கையை மேசையில் தளர்வாக விடச்சொல்லி. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவில் செம்மஞ்சள் புள்ளிகள். பவர் டொப்ளராம், வீங்கின மூட்டுச் சவ்வுக்குள் இரத்தம் கூடுதலாக ஓடினால் இப்படித் தெரியும் என்றார்.

பழைய அறிக்கையை நீட்டினேன். "இதைப் பாருங்கோ அக்கா" என்று கருவியைக் கொஞ்சம் அழுத்தினார். புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கையை இலகுவாக்கினார், திரும்பி வந்தன. நுண்ணிய நாளங்கள்தானே, அழுத்தினால் நசிந்து ஓட்டம் நின்றுவிடும். டைக்ளோபினாக்கும் அழற்சியைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்றார்.

எடுத்து வைத்த படத்தில் அழற்சி எவ்வளவு என்று 0 முதல் 3 வரை புள்ளி போடச்சொன்னால் பழகின ஆட்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்களாம். சிக்கல் படம் எடுப்பதில்தான்: பிடிக்கிற கை, மெசின், அதன் செற்றிங், மூட்டு மடங்கியிருக்கும் விதம் எல்லாம் படத்தை மாற்றும். செம்மஞ்சள் இல்லாமல் சாம்பல் நிறத்தில் மட்டும் தெரிகிற 1 என்ற புள்ளி, சுகதேகிகளுக்கும் வருமாம், அதை வைத்து மருந்து தொடங்குவதில்லை. எனக்கு மொளிகளின் வீக்கமும் இரத்தப் பரிசோதனையும் சேர்ந்துதான் ரூமட்டோயிட் என்ற மூட்டுவாதம் என்று முடிவாகியது.

சரி, அப்படியென்றால் மாதாமாதம் ஸ்கான் எடுப்போமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் செய்து 2016இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், ஸ்கானைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டினவர்கள், கையால் மூட்டைப் பரிசோதித்து மருந்து கொடுக்கப்பட்டவர்களை விடப் பெரிதாகச் சுகப்படவில்லையாம். பஸ் காசு மிச்சம் என்று சின்னம்மா முணுமுணுத்தா.

இப்போது அதற்குக் கிழமைக்கு ஒருநாள் மெதோட்ரெக்சேட் என்ற மருந்து. அடுத்த ஸ்கானும் அதே டொக்டர், அதே மெசின். போட்ட நோ மருந்தெல்லாம் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.