காதோரத்து அரிதாரம்

ஓமலூரிலிருந்து சேலம் வரும் காலைப் பேருந்து. பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவரின் காது மடலுக்குப் பின்னால் மட்டும் ரோஸ் நிற அரிதாரம் அப்பியிருந்தது.

"ராத்திரி கூத்துங்களாண்ணா?"

"ஆமா தம்பி. திரௌபதி வேஷம்."

அறுபதைத் தொட்டிருப்பார். துகில் உரியும் காட்சி வருவதற்குள் விடியப் போகிற நேரமாகிவிடுமாம். அதுவரை குரலைக் காப்பாற்ற வேண்டும். மைக் இருக்கிறதுதான், ஆனால் அந்த ஓலத்தை மைக்கா போட முடியும் என்று கேட்டார்.

சின்ன வயதில் கூத்து வாத்தியாரோடு ஊர் ஊராகப் போய், தாளம் தட்டிப் பின்பாட்டுப் பாடியிருக்கிறார். அப்புறம் கோமாளி. அப்புறம் துச்சாதனன். பெண் வேஷம் கடைசியில்தான் கிடைத்தது. பாட்டு, அடவு, முகவீணைக் குழல் ஓய்ந்த பிறகு தான் பாட்டை எடுக்க வேண்டிய இடம் என எல்லாமே காதால் கேட்டுப் பிடித்தது.

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் இப்படி எத்தனையோ பேர். கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடத்தையும் புஜக்கட்டையையும் சுமந்துகொண்டு இரவு முழுக்க ஆடுகிறார்கள்.

நாமோ அரசு விழாவிலும் கல்லூரி விழாவிலும் பத்து நிமிடம் ஆடவிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். ஒரு பாத்திரத்தை விடிய விடிய வளர்த்தெடுக்கிற நடிகருக்குப் பத்து நிமிடம் எதற்குப் போதும்? எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

உங்கள் ஊர்த் திருவிழாவில் கூத்து வைத்தால் போங்கள். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்துவிடாதீர்கள்.