ஒரே துணி, பல ஊர்க் கைகள்: போர்வை இதுவரை

எங்கள் தையல் குழுவின் போர்வை பாதியைத் தாண்டிவிட்டது. வேறு வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்கள் சேர்ந்து செய்கிறோம். இந்த மாதிரி வேலைகளில் ஆளுக்கு ஒரு சதுரத் துணியைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். வீட்டிலேயே தைத்து வந்தால் கடைசியில் ஒருவர் இணைத்துவிடுவார். தூரத்தில் இருப்பவர்களுக்கு அதை விட்டால் வழியில்லை. பிரிட்டிஷ் கலைஞர் கிர்ஸ்டி மெக்லியோட் பலர் கையால் தைக்க வைத்த ‘சிவப்பு உடை’யின் பட்டுத் துண்டுகள் 2009 முதல் 2023 வரை 51 நாடுகளின் கைகளுக்குப் போய்த்தான் பூவேலை பெற்றன. ஆனால் ஒரே அறையில் உட்காரக் கிடைத்தவர்கள் தனித்தனிச் சதுரமாகப் பிரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரே துணி, சுற்றி எல்லோரும் என்று முடிவு செய்தோம்.

முதல் சிக்கல் தையல்களுக்குள்ளேயே இருந்தது. வங்காளத்து தீதி போடுவது காந்தா. பழைய புடவைகளை அடுக்கி, நெருக்கமான ரன்னிங் ஸ்டிட்ச்சால் பிடித்துக்கொண்டே போவார். அந்தத் தையல் துணியை உள்ளே இழுக்கும், மேற்பரப்பில் மெல்லிய அலை எழும்பும். காந்தாவின் அழகே அந்த அலைதான். பாலஸ்தீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நாங்கள் காலா, அரபியில் சித்தி, என்று கூப்பிடுகிறோம். அவருடைய தத்ரீஸ் என்ற பாலஸ்தீனப் பூவேலை, 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை, முழுக்க முழுக்க இழை எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிட்ச். அலை எழும்பிய துணியில் இழை எண்ண முடியுமா?

மாதிரித் துண்டில் போட்டுப் பார்த்த பிறகு வரிசை தெளிவானது. முதலில் ஒற்றைத் துணியில் காலாவின் வேலை, அப்புறம் அடுக்கி காந்தா. எங்கள் துணியின் நெசவு மிகவும் நெருக்கம், கண்ணுக்கு இழை பிடிபடாது. அதனால் கட்டம் தெரியும் கேன்வாஸை மேலே வைத்து, பெரிய தையலாகப் போட்டுப் பிடித்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தைத்தோம். முடிந்ததும் கேன்வாஸை லேசாக ஈரமாக்கி, அதன் இழைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் உருவ வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் கடைசி இழை வெளியே வந்ததும் காலா தைத்த சிவப்பு சைப்ரஸ் மர உருவம் மட்டும் துணியில் நிற்கும். அதைப் பார்க்க எல்லோரும் எழுந்து வந்துவிடுவார்கள்.

காலாவுக்குத் துணியின் பின்புறம்தான் முக்கியம். நான் தைத்த இடத்தைப் புரட்டிப் பார்த்தார். முடிச்சு போட்டுத் தொடங்குவது என் பழக்கம். விரலால் முடிச்சைத் தடவினார், ஒன்றும் சொல்லாமல் கத்தரியை எடுத்து வெட்டினார். பிறகு நூல் முனையைப் பின்பக்கம் படுக்க வைத்து, அடுத்து வரும் தையல்கள் அதன் மேலேயே ஏறும்படி நாலைந்து போட்டுக் காட்டினார். எங்களுக்குள் பொதுமொழி என்று பெரிதாக எதுவும் இல்லை. அன்றைக்கு அது தேவைப்படவும் இல்லை. இப்போது தீதிகூட முடிச்சு இல்லாமல்தான் தொடங்குகிறார். பதிலுக்கு காலா அவரிடம் ஓர் ஊசியில் பல தையலைக் கோத்து ஒரே இழுப்பில் இழுக்கக் கற்றுக்கொண்டார்.

நடுவில் வரும் பெரிய வட்டப் பூக்கள் உஸ்பெக் பெண் வரைந்தவை. அவர்கள் ஊரின் பூவேலைத் துணியான சுசானியில் நீளப் பட்டைகளைத் தற்காலிகமாக இணைத்து, முழுப் படத்தையும் வரைந்து, மறுபடி பிரித்து ஆளுக்கொன்றாகத் தைப்பார்களாம். திரும்பச் சேர்க்கும்போது சில பூக்களின் இரு பாதிகள் கொஞ்சம் விலகி நிற்கும். பழைய சுசானிகளில் அந்த விலகலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தனி மரியாதை வரும், இரண்டு பேருடைய கை அங்கே அப்படியே தெரிவதால். எங்கள் துணி ஒன்றே என்றாலும் ஒரு பூவை இருவர் பாதி பாதியாகத் தைக்கிறோம். ஒருவர் சங்கிலித் தையலை இறுக்கிப் போடுவார், மற்றவர் தளர்வாக. யாரும் பிரித்துச் சரிசெய்யக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இனி அடுக்குவதுதான் பாக்கி. உள்ளே வைக்கும் பழைய புடவைகளை எல்லோரும் துவைத்துக் கொண்டுவர வேண்டும், பின்னால் சுருங்கிவிடக் கூடாது. சிவப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை. ஓரத்தில் என்ன தையல் என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை. தீதி ஒரு கரை வரைந்து தந்திருக்கிறார், காலா அதை எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.