கூர்க்கம்வலி

ஜூன் 17

தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க மூக்கு வழியே காற்றை ஊதும் இயந்திரம் இன்று செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சாப்பாட்டுத் தூக்குகளை அருகருகே வைத்த அளவுதான் இருக்கிறது. விலை 46,000 ரூபாய். வளையலுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பணம். “கைக்குப் போடாமல் மூக்குக்குப் போடுகிறாய்” என்றார் வீட்டுக்காரர். அவருக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

போன மாதம் திருவனந்தபுரத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கூர்க்கம்வலி உண்டோ?” எங்கும் வலி இல்லை டாக்டர், பகலெல்லாம் கண் சொக்குகிறது, அவ்வளவுதான் என்றேன். மறுபடியும் கேட்டார். வலியே கிடையாது என்று நானும் அடித்துச் சொன்னேன். நான் சங்கரன்கோவில்காரி. இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து 29 வருடமாகியும் மலையாளம் காதில் பாதிதான் ஏறுகிறது. துணைக்கு வந்த அத்தைதான் என் தொடையில் தட்டி, “குறட்டையைக் கேட்கிறார் அம்மா” என்றார். 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அத்தைக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் காலத்து மலையாளம் இன்னும் அவர் நாக்கில் இருக்கிறது. “உண்டு, நல்லவண்ணம் உண்டு” என்று பதிலையும் அவரே சொல்லிவிட்டார். ஆண் குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள். பெண் விட்டால் அதற்கு வேறு பேச்சு. 53 வயதில், அந்த அறையில், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடும் என்று டாக்டர் சொன்னபோதுதான் நிமிர்ந்தேன்.

தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு படுக்க வைத்தார்கள். மணிக்கு 41 முறை மூச்சு நின்றிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. 30ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்காம். ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

ஜூன் 18

முதல் இரவு, தோல்வி. மூக்கின் மேல் முகமூடி, தலையைச் சுற்றிப் பட்டை, யானைத் துதிக்கை போல ஒரு குழாய். காற்றழுத்தம் 4இல் தொடங்கி இருபது நிமிடத்தில் 11க்கு ஏறும். 11 என்பது 11 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அதாவது ஒரு டம்ளர் உயரம். தூக்கத்தில் தொய்ந்து மூடிக்கொள்ளும் தொண்டையைத் திறந்து வைக்க எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது. அந்த ஒரு டம்ளரை எதிர்த்து மூச்சை வெளியே விடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. “அத்தை” என்று கூப்பிட வாயைத் திறந்தேன். மூக்கில் புகுந்த காற்றெல்லாம் வாய்வழியே சீறியது. அத்தை எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார்.

ஒரு மணிக்குக் கழற்றி எறிந்தேன்.

ஜூன் 21

காற்று கசிகிறது. விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம், நேராக வலது கண்ணில் காற்று. பட்டையை இறுக்கினேன், தளர்த்தினேன், குப்புறப் படுத்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி மூக்குத்தி! முகமூடியின் ரப்பர் விளிம்பு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் மீசைக்காரர்களுக்கு அறிவுரை இருக்கிறது. மூக்குத்திக்காரிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரவில் கழற்றி வைக்கலாமா என்று அத்தையிடம் கேட்கவே பயமாக இருந்தது. “மூச்சுக்கு மேலா மூக்குத்தி?” என்று அவரே திருகாணியைத் திருகிக் கழற்றிவிட்டார்.

ஜூன் 25

சாரல் பிடித்துக்கொண்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல் கதவுகளை நிற்கவிடுவதில்லை. இரவு மூன்று மணிக்கு முகமூடிக்குள் களகளவென்று சத்தம், பிறகு மூக்கில் தண்ணீர். வீட்டுக்குள்ளேயே குற்றாலம். இயந்திரத்தின் தொட்டியில் சூடாகும் நீராவி, குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறதாம். காற்றே இவ்வளவு ஈரமாக இருக்கும்போது நான் வேறு ஈரத்தை ஐந்தில் வைத்திருந்தேன். இரண்டுக்குக் குறைத்துக் குழாயைப் போர்வைக்குள் விட்டேன். இப்போது சரி.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். அருவித் தண்ணீரைவிடவா உசத்தி என்பது அத்தையின் கட்சி.

ஜூன் 28

இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று அத்தை கேட்டார். தேடிப் படித்துச் சொன்னேன்: கோலின் சலிவன், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து டாக்டர், 1980. வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரின் மோட்டாரைத் திருப்பிப் போட்டு, உறிஞ்சுவதற்குப் பதில் ஊத வைத்திருக்கிறார். அதற்கு முன் நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வார்களாம். அன்றிரவு பட்டையை முனகாமல் மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 3

காற்றில் எங்கோ மரம் விழுந்து மின்சாரம் போனது. இன்வெர்ட்டரும் சிறிது நேரத்தில் கைவிட்டது. இயந்திரம் நின்றால் மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்று பயந்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை, முகமூடியில் துளைகள் இருக்கின்றன. கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

கட்டில் காலில் அத்தையின் கைத்தடி தட்டும் சத்தத்தில் விழித்தேன். பல வருடப் பழக்கம் இது. அவர் சுவாசப் பிணிக்காரி, அவருக்குத் துணையாக நான் அந்த அறையில் படுக்கிறேன் என்பது வீட்டில் ஏற்பாடு. என் குறட்டை பொறுக்காமல் தட்டுகிறார் என்று எத்தனை இரவுகள் மனதுக்குள் வைதிருக்கிறேன். நேற்று இருட்டில் வாய்விட்டே கேட்டுவிட்டேன்: “சத்தம் தாங்க முடியவில்லையா அத்தை?”

“சத்தம் வந்தால் நான் ஏன் தட்டுகிறேன்? சத்தம் நின்றால் அல்லவா தட்டுவேன்!”

பதில் பேச வாய் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவாராம். இருபது வரை எண்ணியும் மூச்சு திரும்பாவிட்டால் தடியை எடுப்பாராம். மணிக்கு 41 என்று ஆஸ்பத்திரி எண்ணியதை இந்தக் கிழவி அதற்கு முன்பே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

விடியும்வரை இருவருமே தூங்கவில்லை. மின்சாரம் ஐந்தரைக்கு வந்தது.

ஜூலை 14

இரவில் நான்கு முறை எழுந்து கழிப்பறைக்குப் போவேன். சர்க்கரை என்று நினைத்து இரண்டு முறை ரத்தம் கொடுத்தேன், சர்க்கரை இல்லை. இப்போது ஒரு முறை, சில நாள் அதுவும் இல்லை. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்க இழுக்க இதயம் விரிகிறதாம். உடம்பில் நீர் மிகுந்துவிட்டதென்று அது தவறாக எண்ணிச் சிறுநீரைக் கூட்டும் சுரப்பை விடுகிறதாம். இருபது நாள் காற்று ஊதியதில் அந்தப் பிழை திருந்திவிட்டது. இயந்திரத்தின் கணக்கில் நேற்று மணிக்கு 3.

குறை இல்லாமல் இல்லை. காலையில் மூக்கின் இரு பக்கமும் சிவந்த தடம். விழுங்கிய காற்று ஏப்பமாக வருகிறது. ஆனால் சங்க அலுவலகத்தில் மதியம் மூன்று மணிக்கு ரசீதில் என் பேனா தானாகக் கோடு இழுத்துக்கொண்டு போவது நின்றிருக்கிறது.

ஆடித் தபசுக்கு நான்கு நாள் முன்பு

தபசுக்குச் சங்கரன்கோவில் போகிறேன். தங்கைகள் எல்லோரும் கூடத்தில் வரிசையாகப் படுப்போம். கொஞ்ச காலமாக, ஏதாவது காரணம் சொல்லிக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இந்த முறை தங்குகிறேன், ஒரு பெட்டியும் கொண்டுவருகிறேன் என்று பெரிய தங்கையிடம் போனில் சொன்னேன். கூடத்தில் பிளக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

“கிரைண்டருக்கு ஒன்றுதான் அக்கா. நான்கு மணிக்கு மாவு ஆட்டணும், அதற்குள் எழுந்துவிடு.”

ஐந்து மீட்டர் ஒயர் வாங்கி வந்திருக்கிறேன்.