ஒயர் இல்லாத கிடார்

பெண்கள் இசைக்குழு பற்றிய படமாம். 'ஏ' சான்றிதழ், சின்ன பட்ஜெட். பட்ஜெட்டைக் குறை சொல்லவில்லை. எங்கள் தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்துக்கு ஒரு பெஞ்சும் நாலு லைட்டும் போதும், விடியும்வரை கூட்டம் கலையாது. இதில் எலக்ட்ரிக் கிடாருக்கு ஒயரே இல்லை! சரி, வயர்லெஸ் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் கிடார் வாசிக்கிற பெண்ணின் இடது கை கடைசிவரை ஒரே கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாட்டு எங்கெங்கோ போகிறது. டிரம்ஸின் சிம்பல் தட்டில் குச்சி படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது. படம் முழுக்க ஒத்திகைக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. படுக்கையறைக் காட்சிகளா? அங்கேயும் அதே கீபோர்டு ட்யூன்தான், மூன்று தடவை. கூத்தில் முகவீணை ஊதுகிற பெரியப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அடிக்காமலே சத்தம் வருதேடா" என்றார். நல்லவேளை, அப்போது ஓடியது டிரம்ஸ் காட்சி. போனைக் கவிழ்த்துவிட்டேன்.