தேவாலாவின் வெள்ளைக்கல்

புவியியல் சார் மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு. அவரைப் பற்றி எழுதுவதென்றால் ஒன்பதாம் வகுப்பின் ஜனவரி நடையை எழுதுவதுதான் சரி: நீலகிரியின் தேவாலாவில் வெள்ளைக்காரன் கைவிட்டுப்போன பொன் சுரங்கங்களைப் பார்க்க அவர் எங்களைக் கூட்டிப்போன நடை அது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் ஆட்கள் பிள்ளைகளோடு அந்த வழியில் மறுபடி நடக்க வேண்டும். அதற்காக, அவர் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே வைக்கிறேன்.

ஜனவரிக்குக் காரணம் உண்டு. தேவாலா தமிழ்நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்று. ஜூனில் மண் ஊறத் தொடங்கினால் குழிகளின் விளிம்பு சரியும், அட்டையும் விடாது. ஜனவரியில் ஓடையோரத்தில்தான் அட்டை. உப்பும் புகையிலைத் தூளும் முடிந்த துணியை நனைத்துக் கணுக்காலில் தேய்த்தால் போதும். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகத் தேவாலா, பிறகு பந்தலூர். பனி விலகி, கொழுந்தெடுக்க ஆட்கள் மலையில் இறங்கிய பிறகே நடை. மாலை நான்குக்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும், அதற்கப்புறம் யானை நேரம். நிலம் அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயுடையதா, தனியார் எஸ்டேட்டா, வனத்துறையுடையதா என்று விசாரித்து, அனுமதி வாங்கித்தான் நுழையவேண்டும்.

குழியைத் தேடாதே, கல்லைத் தேடு என்பார் சார். சரிவில் வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) குவியல் கண்ணில் பட்டால் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஓடைக்கல்லுக்கு முனை மழுங்கியிருக்கும். வெடிவைத்து உடைத்த கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதில் துருவேறிய சிறு பொந்துகளும் தெரியும். அந்தப் பொந்துகளில் ஒரு காலத்தில் பைரைட் இருந்தது, இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன் போல மினுக்கும் கனிமம். மழைநீரும் காற்றும் அதை அரித்துத் துருவாக்கிவிட்டன. குவியலுக்கு நேர் மேலே ஏறினால் பெரும்பாலும் சுரங்க வாய் வந்துவிடும். கிடைச் சுரங்கத்தின் தரை, ஊற்றுநீர் தானே வடிவதற்காக, வாய்ப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அஞ்ச வேண்டியது செங்குத்துக் குழிக்குத்தான். உண்ணிச்செடி மூடித் தரை போலவே கிடக்கும். முன்னால் போகிறவர் மூங்கில் கழியால் தட்டித் தட்டித்தான் போக வேண்டும். வாயிலிருந்து பத்தடி தள்ளி நிற்பது. உள்ளே யாரும் காலெடுத்து வைப்பதில்லை. பிராணவாயு குறைந்த காற்றை மூக்கு கண்டுபிடிக்காது. மயக்கம் வந்த பிறகுதான் தெரியும், அப்போது திரும்ப முடியாது. திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் மண் சரிந்து செத்தவர்கள் நம் காலத்திலும் உண்டு.

மினுக்குவதெல்லாம் பொன் என்று பிள்ளைகள் ஓடிவருவார்கள். காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும். பைரைட்டை ஆணியால் குத்தினால் நொறுங்கும். மெருகில்லாத பீங்கானில் தேய்த்தால் கருங்கோடு விழும். பொன் நசுங்குமே தவிர நொறுங்காது, கோடும் மஞ்சள்தான். ஓடையில் அரிப்பதற்கு அனுமதியில்லை. ஆகவே பள்ளித் தண்ணீர்த் தொட்டியிலேயே செய்து காட்டுவார்: மணலில் ஒரு பிடி இரும்புத்தூளும் நான்கு ஈயக்குண்டும். தட்டை நீருக்கடியில் வைத்துப் பக்கவாட்டில் குலுக்க வேண்டும், பிறகு லேசாகச் சாய்த்து மேல்மணலை அலையோடு போகவிட வேண்டும். அவசரப்பட்டுச் சாய்த்தால் எல்லாமே போய்விடும். வெள்ளைக்கல்லின் அடர்த்தி 2.65, பொன்னுக்கு 19.3. இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இந்த ஓடைகளில் மரத்தட்டால் பொன் அரித்தார்கள்.

இங்கே பொன் தோண்ட வந்த வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஏன் தோற்றன என்பதுதான் அவர் பாடத்தின் உயிர். காப்பி நோயில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரவ் ஸ்மித் இந்தப் பொன்னைப் பற்றி எழுதிய அறிக்கை 1880இல் வெளியானதும் லண்டனில் பங்குகள் பறந்தன. காப்பித் தோட்டங்கள் சுரங்க நிலமாக விலைபோயின. மேல்தட்டில் துருவேறிய கல்லில் பொன் தனித்து நிற்கும். அதை இரும்பு உலக்கைகளால் இடித்து, தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். சுரண்டியெடுத்துத் துணியில் பிழிந்து, மூடிய கலத்தில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் பிரியும். ஆழம் போகப் போகப் பொன் பைரைட்டுக்குள் அடைபட்டிருக்கும். கந்தகம் பாதரசத்தின் மேல் படலமாகப் படிந்து ஒட்டவிடாது. பொன் தகட்டைத் தாண்டி ஓடையில் போய்விடும். அதைப் பிடிக்கும் சயனைடு முறை 1887இல்தான் வந்தது. அதற்குள் இங்கே பெரும்பாலான ஆலைகள் நின்றுபோயின.

கணக்கையும் பலகையில் போடுவார். டன் கல்லுக்கு 3 பென்னிவெயிட் (பழைய ஆங்கில எடை) பொன் என்றால் 4.7 கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேல். ஒரு டன் பாறையை வெடித்து, சுமந்து, இடித்தால் கிடைப்பது ஒரு சின்னக் கொண்டைக்கடலை அளவு. அதே 1880களில் எழும்பிய கோலார் 2001 வரை ஓடியது. தேவாலாவுக்குப் பத்தாண்டுகூட வாய்க்கவில்லை.

நம்மில் பலருடைய தாத்தாக்கள் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து டேன்டீ லயங்களில் குடியேறியவர்கள். அந்தப் பிள்ளைகளை நிறுத்திவைத்து, "நீ நிக்கிற மண்ணுக்கு ஒரு கதை இருக்குடா, மொதல்ல அதைப் படி" என்றவர் அவர் ஒருவர்தான். படித்தோம். படித்த படிப்பு நம்மை ஷார்ஜாவுக்கும் தோஹாவுக்கும் கொண்டுவந்தது. அதற்கு அவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. ஆனால் அவர் வேலையைத் தொடர ஊரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

சுரங்க வாய்களை அளந்து சார் குறித்துவந்த நீல அட்டை நோட்டு இப்போது அவர் துணைவியாரிடம் இருக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பக்கம்: திசைமானியில் பார்த்த கோணம், வாயின் அகலம், உயரம், தேதி. வாய் ஆண்டுதோறும் எத்தனை அங்குலம் சரிந்தது என்பது அதில் இருக்கிறது. எந்தக் குழி அடுத்து இடியும் என்று எஸ்டேட்காரர்களை எச்சரிக்க அவரால் முடிந்தது அதை வைத்துத்தான். ஓய்வுபெற்ற பிறகும் அளந்திருக்கிறார். கடைசி ஐந்து ஆண்டுகளில் உயரம் மட்டும் இருக்கிறது. உயரத்தைக் கழியால் ஒருவரே பார்த்துவிடலாம். அகலத்துக்கு நாடாவின் இரண்டு முனையையும் பிடிக்க ஆள் வேண்டும்.

சாரின் துணைவியாரான அம்மாவிடம் பேசிவிட்டேன், நோட்டைத் தரச் சம்மதித்திருக்கிறார். 30 மீட்டர் நாடாவும் திசைமானியும் நான் வாங்கி அனுப்புகிறேன். வரும் ஜனவரியில் ஊரில் இருக்கப்போகிறவர்கள் பெயர் கொடுங்கள். இரண்டு பேராவது வேண்டும்.