புது அலமாரியின் நெடி

போன மாதம் படுக்கையறையில் பிளைவுட் அலமாரி செய்து வைத்தோம். அன்றிலிருந்து மகளுக்குக் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு. "புதுசுன்னா வாசனை இருக்கத்தானே செய்யும்" என்றார் ஆசாரி.

அந்த நெடியில் இருப்பது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. பலகையை ஒட்டும் பசையிலிருந்து மாதக்கணக்கில் கசியும். வெக்கையும் புழுக்கமும் ஏறினால் இன்னும் அதிகம். 2004-லேயே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது.

2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்த அமெரிக்கர்களுக்கு அரசு டிரெய்லர் வீடுகள் கொடுத்தது. பிறகு 519 வீடுகளைச் சோதித்தார்கள். காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரி 77 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 77 பங்கு), உச்சம் 590. அரை மணி நேரத்துக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு சுமார் 80தான். எல்லாம் இழந்து வந்தவர்கள் குழந்தைகளோடு அதற்குள் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள். நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, இப்போது அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் பகலெல்லாம் திறந்தே வைக்கிறேன். மகள் கூடத்தில் படுக்கிறாள். மரவேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் பலகையில், ஃபார்மால்டிஹைடு குறைவாகக் கசியும் என்பதைக் காட்டும் ஈ0 (E0) அல்லது ஈ1 (E1) தரக்குறி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை.